கல்லூரியில் படித்தது ஒன்று, வெளிநாட்டில் நடிகரானது வேறு: அப்படி யாராவது உண்டா?

உண்டு. எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் கனடாக்காரர் மார்க் ரோஸ்வெல். சீனாவில் 'தாஷான்' என்றால்தான் தெரியும்.

டொரன்டோ பல்கலைக்கழகத்தில் சீனம் படித்தார். நடிப்புப் பயிற்சி எதுவும் இல்லை. 1988-இல் உதவித்தொகையில் சீனத் தலைநகரில் உள்ள பீக்கிங் பல்கலைக்கழகம் போனார். வெளிநாட்டு மாணவர் என்பதால் ஒரு தொலைக்காட்சி மேடைக்கு அழைத்தார்கள். அதைத் தொட்டு, அந்த ஆண்டுக் கடைசியில் புத்தாண்டு நிகழ்ச்சியில் ஒரு குறுநாடகம். அதில் அவர் இரவு தாமதமாக வீடு திரும்பி, "யூலான், கதவைத் திற!" என்று மனைவியைக் கெஞ்சும் சாதாரணக் கணவன். பாத்திரத்தின் பெயர் தாஷான், அதாவது பெரிய மலை. நம்மூர் மாடசாமி மாதிரி பட்டிக்காட்டுப் பெயர். வெள்ளைக்காரர் வாயில் அசல் சீனப் பேச்சுவழக்கு! ஒரே ராத்திரியில் நாடு முழுக்கத் தெரிந்த முகமானார்.

அதிர்ஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் அத்துடன் நிற்காமல், சியாங்ஷெங் என்ற நகைச்சுவைப் பேச்சுக் கலையை ஜியாங் குன் என்ற கலைஞரிடம் சீடராகச் சேர்ந்து முறையாகக் கற்றார். அதில் சிலேடையும் வேகமும்தான் எல்லாம். வகுப்பறைச் சீனத்தை வைத்துக்கொண்டு ஒப்பேற்ற முடியாது. 2010 ஷாங்காய் உலகக் கண்காட்சியில் கனடா அவரையே தன் பிரதிநிதியாக்கியது.