வாசகர் கேள்வி – பதில்: சிக்னல் இல்லாத வகுப்பறையில் மின்சுற்று

கேள்வி: தோட்டப் பாடசாலையில் தரம் 10க்கு விஞ்ஞானம் எடுக்கிறேன். லெப்டொப்பும் புரொஜெக்டரும் இருக்கின்றன. மின்குமிழ், வயர் போதாது. இணையத்தில் செய்து காட்டலாம் என்றால் மழை நாளில் சிக்னலே கிடையாது. வழி உண்டா?
– ஆசிரியை, தலவாக்கலை

பதில்: உண்டு டீச்சர். வகுப்பில் இணையத்தை நம்பவே வேண்டாம், கோப்பாகக் கொண்டு போங்கள். கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002இல் தொடங்கிய 'ஃபெட்' என்ற, கணினித் திரையிலேயே விஞ்ஞானப் பரிசோதனை செய்து பார்க்கும் தளத்தை பி, எச், இ, டி என்ற நான்கு ஆங்கில எழுத்துகளால் தேடுங்கள். 'சர்க்கிட் கன்ஸ்ட்ரக்‌ஷன் கிட்: டிசி' என்ற மின்சுற்றுப் பரிசோதனையின் பக்கத்தில் படத்துக்குக் கீழே அம்புக்குறி இருக்கும். அதை அழுத்தினால் ஒரே கோப்பாக இறங்கும். பென்டிரைவில் போட்டு, குரோமில் திறந்தால் போதும். முதல் நாளே வீட்டில் வைஃபையை நிறுத்திவிட்டுத் திறந்து பாருங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய கோப்பு சில ஃபோன்களில் வெள்ளைத் திரையாக நிற்கும். வேறு செயலி அதைத் திறப்பதுதான் காரணம். குரோமைத் தெரிவு செய்யுங்கள்.

திரையில் 9 வோல்ட் மின்கலம், 10 ஓம் மின்குமிழ், அம்பியர்மானி மூன்றையும் தொடராக இணைத்தால் 0.9 அம்பியர் காட்டும். மின்குமிழ் எரியாவிட்டால் வயர் முனை ஒட்டவில்லை என்று அர்த்தம். தவறாக ஒட்டிய சந்தியைத் தொட்டால் கத்தரிக்கோல் வரும், வெட்டிவிடலாம்.

இனி ஓர் ஆளியையும் இரண்டாவது மின்குமிழையும் தொடராகச் சேர்க்கப் போகிறீர்கள். ஆளியை மூடுமுன், எது கூடப் பிரகாசமாக எரியும் என்று பிள்ளைகளைக் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். 'முதல் குமிழ் கரண்டைத் தின்றுவிடும், மற்றது மங்கும்' என்று பலர் எழுதுவார்கள். இந்தப் பிழையான எண்ணத்தை உடைப்பதுதான் பாடமே. மூடியதும் இரண்டும் ஒரே அளவில் எரியும். அம்பியர்மானியை எங்கே மாற்றி வைத்தாலும் 0.45தான். அடுத்து சமாந்தரமாக இணையுங்கள்: ஒவ்வொன்றிலும் 0.9, மின்கலத்தில் 1.8. விடையை நீங்கள் முந்திச் சொல்லிவிட்டால் எல்லாம் வெறும் படக்காட்சியாகிவிடும்.

கையிலிருக்கும் ஒரேயொரு உண்மையான மின்குமிழையும் மேசையில் எரிய விடுங்கள். திரையிலுள்ள குமிழ் சுடாது.

கேள்வி: தமிழ்ப் பாடநூல் பிடிஎஃப்பிலிருந்து வினாத்தாளுக்குப் பந்தியை கொப்பி பண்ணினால் ஆங்கில எழுத்தாகக் கொட்டுகிறதே?
– ஆசிரியர், ஹட்டன்

பதில்: யுனிகோட் அல்லாத, பாமினி போன்ற பழைய எழுத்துருவில் கோத்த பக்கம் அது. எழுத்துரு மாற்றியில் ஒட்டி யுனிகோடாக்குங்கள். மாற்றிய பின் கொம்பு, கால், புள்ளிகளை ஒருமுறை சரிபாருங்கள்; அவைதான் அடிக்கடி பிசகும். அவசரமென்றால் அந்தப் பகுதியைப் படமாக வெட்டி ஒட்டலாம்.