பனை இருக்கிறது, ஏற ஆள் வேண்டுமே!

கேள்வி: அக்கா, எங்கள் ஊர்த் தேரிக்காட்டில் திரும்பிய பக்கமெல்லாம் பனைதான். அரிதான பொருளுக்குத்தான் விலை ஏறும் என்று படித்தோம். அப்புறம் ஏன் கருப்பட்டி இந்த விலை விற்கிறது?
– வாசகி, திசையன்விளை

பதில்: என் அப்பா பனையேறி. மரத்தோடு உரசி உரசி அவர் நெஞ்சுத் தோல் காய்த்துக் கிடக்கும். சின்ன வயதில் அதைத் தடவிக்கொண்டேதான் தூங்குவேன். முப்பது மரம். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. ஏறி, பாளையை மெல்லிசாகச் சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டிவிட்டு இறங்க வேண்டும். சுண்ணாம்பு இல்லாவிட்டால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். இறக்கியதை அம்மா விடிலியில், அதாவது பதநீர் காய்ச்சும் குடிசையில், காய்ச்சுவாள். ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டு, பத்து லிட்டர் பதநீர் வேண்டும். பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பாள். உருண்டால் உடனே சிரட்டையில் ஊற்றியாக வேண்டும்; கொஞ்சம் அசந்தால் கரிந்துவிடும்.

எங்கள் தெருவில் அப்பா வயதுக்காரர்கள் எல்லோரும் ஏறினார்கள். அவர்கள் பிள்ளைகளில் ஒருவர்கூட ஏறவில்லை. தவறி விழுந்தால் இடுப்பு போய்விடும். வேலையும் வருஷத்தில் சில மாதம்தான். மரம் அப்படியே நிற்கிறது, ஏறும் கைகள்தான் குறைந்துபோயின. நீங்கள் கொடுக்கும் விலை அந்தக் கைகளுக்கான விலை.

ஆனால் அது அந்தக் கைகளுக்குப் போய்ச் சேர்ந்ததா என்றால், எங்கள் வீட்டில் சேரவில்லை. பருவம் தொடங்கும் முன்பே அப்பா ஒரு வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருப்பார். அவர் சொன்ன விலைக்கே சரக்கைப் போட வேண்டும். அம்மா மட்டும் நாலு கொட்டான் (ஓலைப் பெட்டி) கருப்பட்டியைப் பரணில் ஏற்றிவைத்து, மழைக்காலத்தில் நல்ல விலைக்கு விற்பாள். நாங்கள் படித்தது அந்த நாலு கொட்டானில்தான்.

கேள்வி: கொற்கை முத்தால் பாண்டிய நாடு செழித்தது என்கிறார்கள். அப்படியானால் இயற்கை வளம் உள்ள நாடுகள் எல்லாம் பணக்கார நாடுகளாக இருக்க வேண்டாமா?
– வாசகர், ஏரல்

பதில்: அப்படி அமையவில்லை. முத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மூச்சடக்கிக் குளித்து அள்ளிய சிப்பிகளில் ஏதோ ஒன்றிரண்டில்தான் முத்து இருக்கும். அதனால்தான் அந்த விலை. 1893-ல் ஜப்பானில் மிக்கிமோட்டோ என்பவர் சிப்பிக்குள் உறுத்தும் பொருளை வைத்து முத்து விளையவைத்துக் காட்டினார். வளர்ப்பு முத்து சந்தையில் குவிந்தது, உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்துகொண்டது, 1930-களில் இயற்கை முத்தின் விலை விழுந்தது. பஹ்ரைனிலும் குவைத்திலும் முத்துக் குளித்துப் பிழைத்த குடும்பங்கள் தவித்துப்போயின. இத்தனைக்கும் அவர்கள் கடலில் எதுவும் குறைந்துவிடவில்லை.

எண்ணெயிலும் இதைப் பார்க்கலாம். உலகிலேயே அதிக எண்ணெய் இருப்பு உள்ள நாடு வெனிசுவேலா. வந்த காசு வந்த வேகத்தில் செலவானது, மற்றத் தொழில்கள் நலிந்தன. 2014-ல் எண்ணெய் விலை சரிந்ததும் மளிகைக்கே திண்டாட்டம். லட்சக்கணக்கானோர் ஊரைவிட்டுப் போனார்கள். நார்வேயும் 1969-ல் பெரிய எண்ணெய் வயலைக் கண்டது. ஆனால் 1990-ல் சட்டம் போட்டு, எண்ணெய் வருமானத்தைப் பிற்காலத்துக்கென்று தனி நிதியாகச் சேர்க்க ஏற்பாடு செய்தது. அதைப் படித்தபோது எனக்கு எங்கள் வீட்டுப் பரண்தான் நினைவுக்கு வந்தது.

கேள்வி: தாமிரபரணி இல்லாமல் நாம் உயிர் வாழவே முடியாது. அந்தத் தண்ணீருக்கு ஏன் விலையே இல்லை?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: உங்கள் ஊரில் வாய்க்கால் நிறைய ஓடும்போது இன்னும் ஒரு குடத்துக்கு யார் காசு தருவார்கள்? கடைமடையில் கார் நெல் வாடும்போது போய்க் கேளுங்கள், ஒரு நாள் தண்ணீருக்கு எதையும் தருவார்கள். இன்னும் ஒரு குடம் கிடைப்பது அந்த நேரத்தில் எவ்வளவு கஷ்டம் என்பதைத்தான் விலை காட்டும். தண்ணீரின் அருமையைக் காட்டாது. சும்மா கிடைக்கிறதென்று திருநெல்வேலியில் அந்த ஆற்றில் சாக்கடையைக் கலக்கவிட்டிருக்கிறோமே, பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.