துத்தநாகம்-80 கற்றையில் ருபிடியம் கலந்தால்

கேள்வி: ஜெனீவாவில் செர்னின் ஐசோல்டே கூடத்தில் (அரிய ஐசோடோப்புகளை அயனிக் கற்றையாக உருவாக்கித் தரும் இடம்) துத்தநாகம்-80இன் நிறையை பென்னிங் பொறியில் (காந்த, மின் புலங்களால் அயனியைப் பிடித்துவைத்து நிறை காணும் கருவி) அளக்க விண்ணப்பிக்கிறோம். அதே நிறை எண் கொண்ட ருபிடியம்-80 கற்றையை மூழ்கடிக்கும் என்கிறார்கள். காந்தப் பிரிப்பான் போதாதா?

பதில்: போதாது. தாளில் கணக்குப் போட்டால் போதும் என்றுதான் வரும். நிறை வித்தியாசம், ஆற்றல் அலகில் சொன்னால், சுமார் 20 எம்இவி (மெகா எலக்ட்ரான் வோல்ட்). பிரிதிறன் (நிறையை நிறை வித்தியாசத்தால் வகுத்த எண்) 3,600 இருந்தால் இரண்டும் பிரியும். ஆனால் ருபிடியம் பல மடங்கு அதிகமாக வரும்போது அதன் உச்சியின் வால் துத்தநாகத்தின் இடம் வரை நீளும். அதற்கடுத்த பறப்பு நேரப் பிரிப்பானின் (அயனிகள் பறக்க எடுக்கும் நேரத்தைக் கொண்டு பிரிப்பது) பிரிதிறன் ஒரு லட்சம். அதிலும் அயனிகள் ஆயிரக்கணக்கில் ஒன்றாகப் புகுந்தால் ஒன்றையொன்று தள்ளி, திறன் சரிந்துவிடும். ருபிடியத்தை இலக்கிலேயே மடக்குவதுதான் வழி.

1.4 ஜிஇவி (கிகா எலக்ட்ரான் வோல்ட்) புரோட்டான் இலக்கான யுரேனியம் கார்பைடில் நேராக விழுந்தால் கருப்பிளவோடு கருச்சிதறலும் (மோதலில் அணுக்கரு துகள்களை உதிர்ப்பது) நடக்கும். நியூட்ரான் குறைந்த ருபிடியம்-80 பிறப்பது சிதறலில்தான். எனவே புரோட்டானை இலக்குக்குப் பக்கத்திலுள்ள டங்ஸ்டன் தண்டில் விழவையுங்கள். அங்கிருந்து கிளம்பும் நியூட்ரான்கள் யுரேனியத்தைப் பிளக்கும். துத்தநாகமும் கொஞ்சம் குறையும், அதற்கேற்ப நேரம் கேளுங்கள். புரோட்டான் கற்றையின் குறி சற்று விலகினால் ருபிடியம் திரும்பிவிடும். குறி சரியாக இருந்தாலும் தண்டில் பட்டுச் சிதறும் புரோட்டான்களில் சில இலக்கைத் தொடும்.

மிச்சத்தைப் பிடிப்பது குவார்ட்ஸ் குழாய். சுமார் 2,000 டிகிரியில் தகிக்கும் இலக்குக்கும் அயனி மூலத்துக்கும் (ஆவியை அயனியாக்கும் பகுதி) இடையே அதை வைத்து, இலக்கைவிட வெகுவாகக் குறைந்த வெப்பத்தில் நிறுத்துவார்கள். துத்தநாக ஆவி கடந்துவிடும். ருபிடியம் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதன் அரை ஆயுள் அரை நிமிடத்துக்குச் சற்று மேல் என்பதால் பெரும்பகுதி அங்கேயே சிதைந்துபோகும். குழாய் அளவு மீறிச் சூடானால் இந்தப் பிடி தளரும்.

அயனி மூலத்தில் லேசர் போட்டால் துத்தநாகம் மட்டும்தானே வரும் என்று பலர் நினைக்கிறார்கள். துத்தநாகத்தை அயனியாக்க 9.4 இவி தேவை, அதற்கு லேசர் வேண்டும். ருபிடியத்துக்கு 4.2 இவி போதும். சூடான உலோகச் சுவரில் பட்டாலே அயனியாகிவிடும். லேசர் அதைத் தடுக்காது. ஆனால் லேசரை மூடி ஒருமுறை எண்ணுங்கள்: அப்போதும் நிறை 80இல் நிற்பதுதான் உங்கள் கலப்படம்.

2013இல் வெளியான துத்தநாகம்-82 நிறை அளவீடும் இந்த வழியில் நடந்ததுதான். விண்ணப்பத்தில் ஐசோடோப்பின் பெயரோடு நிறுத்தாமல் யுரேனியம் கார்பைடு, நியூட்ரான் தண்டு, குவார்ட்ஸ் குழாய், லேசர் அயனி மூலம் ஆகிய நான்கையும் எழுதுங்கள். இலக்கு அலகை முன்கூட்டியே கட்ட வேண்டும்; கற்றை வந்தபின் குழாயை மாற்ற முடியாது.