அட்டையின் கடைசி எழுத்து

கேள்வி: பல்கலைக்கழகத்தில் இந்தப் பருவம் எண் கோட்பாடு எடுத்திருக்கிறேன். தொடக்கக் கல்லூரியில் கணக்கில் எப்போதும் ‘ஏ’தான். இங்கே கணக்கே போடவிடாமல் ‘நிறுவு, நிறுவு’ என்கிறார்கள். மூன்றாம் வாரமே தலை சுற்றுகிறது. விட்டுவிடலாமா?
– வாசகி, ஈசூன்

பதில்: அவசரப்படாதீர்கள் அம்மா. அந்தப் பாடத்தின் முதல் தேர்வில் நான் 40க்கு 11 வாங்கியவன். எனக்குப் பிடி கிடைத்தது வகுப்பில் அல்ல, புக்கிட் பாத்தோக் காப்பிக்கடையில், தே-ஓ ஆறிக்கொண்டிருக்க, என் சிங்கப்பூர் அடையாள அட்டையை நோண்டியபோது.

‘எஸ்’ஸில் தொடங்கும் அட்டை என்றால், ஏழு இலக்கங்களையும் முறையே 2, 7, 6, 5, 4, 3, 2 ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். தொகையை 11ஆல் வகுத்தால் வரும் மீதிதான் கடைசி எழுத்தைத் தீர்மானிக்கிறது. எண்ணைத் தவறாக எழுதினால் காட்டிக்கொடுக்கத்தான் அந்த எழுத்து.

சரி, ஏன் 11? ஏன் 10 இல்லை? கடைசி இலக்கம் 2ஐ 7 என்று கிறுக்கிவிட்டால் தொகை 10 கூடும். 10ஆல் வகுத்தால் மீதி மாறாது, தவறு நழுவிவிடும். 11 பகா எண். அதைவிடச் சிறிய இரண்டு எண்களைப் பெருக்கினால் 11ஆல் வகுபடவே படாது. ஓர் இலக்கம் பிசகினால் தொகை மாறுவது ‘பிசகிய அளவு × அதன் பெருக்கி’; இரண்டுமே 11ஐவிடச் சிறியவை. அதனால் எந்த ஓர் இலக்கம் பிசகினாலும் மாட்டிக்கொள்ளும். இதையே உங்கள் சொந்த வாக்கியங்களில் எழுதிப் பாருங்கள். நிறுவல் என்பது அவ்வளவுதான்.

அப்புறம், பாடத்தை விடக் கடைசி நாள் எது என்று விசாரித்து வையுங்கள். அதற்குள் ஃபெர்மாவின் சிறிய தேற்றம் (ஒரு பகா எண்ணால் வகுபடாத எண்ணை, அந்தப் பகா எண்ணைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு உயர்த்தி, அதே பகா எண்ணால் வகுத்தால் மீதி 1 என்பது) வந்துவிட்டால், 7ஐ வைத்துக்கொண்டு விளையாடிப் பாருங்கள்: 2⁶ = 64, 7ஆல் வகுத்தால் மீதி 1. 3⁶ = 729, மீதி மறுபடியும் 1.