எந்த விதையை எடுப்பது? பாகான் செராயிலிருந்து சில கேள்விகளும் பதில்களும்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள பாகான் செராயில் சாலைக்கு ஒருபுறம் செம்பனைத் தோட்டம், மறுபுறம் கிரியான் மாவட்டத்து நெல் வயல். தோட்டத்திலிருந்து ஓய்வு பெற்றவர்களில் சிலர் அண்மைக் காலமாக வயலைக் குத்தகைக்கு எடுக்கிறார்கள். முப்பது ஆண்டுகளாக இங்கே நெல் விதைத்து வருபவன் என்பதால், அவர்களும் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் விதை பற்றி எழுதிக் கேட்ட கேள்விகள் என்னிடம் சேர்ந்திருக்கின்றன. அவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

ஐயா, தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மூன்று ஏக்கர் வயல் எடுத்திருக்கிறேன். எந்த நெல் ரகம் மிக அதிகமாக விளையும்?

விளைச்சலைக் கேட்பதற்கு முன் ரகத்தின் வயதைக் கேளுங்கள். நம் வயலுக்குத் தண்ணீர் வருவது 1906இல் முடிக்கப்பட்ட கிரியான் பாசனத் திட்டத்தின் வழியாக, புக்கிட் மேரா அணையிலிருந்து. மதகு திறக்கும் நாளும் அடைக்கும் நாளும் நம் கையில் இல்லை. 110 நாளில் அறுவடைக்கு வரும் ரகத்துக்கு, கடைசி இரண்டு வாரம் வயலைக் காயவிடுவதைக் கழித்தால், ஏறத்தாழ 95 நாள் தண்ணீர் போதும். 135 நாள் ரகம் அதற்கு மேலும் மூன்றரை வாரம் தண்ணீர் கேட்கும். அண்டை வயல்களெல்லாம் அறுத்து முடிந்தபின் உங்கள் வயல் மட்டும் பச்சையாக நின்றால், எலியும் குருவியும் புகையான் பூச்சியும் அந்த வட்டாரத்துக்கே உங்கள் வயலைத்தான் பந்தியாக்கிக்கொள்ளும். ஆகவே முதல் பருவத்தில் அண்டை வயல்காரர் விதைக்கும் அதே வயதுள்ள ரகத்தை, அவர் விதைக்கும் அதே வாரத்தில் விதையுங்கள்.

நாற்று நடாமல் விதையை வயலில் தூவும் நேரடி விதைப்பில் ஹெக்டருக்கு 140 கிலோ விதை என்பது வழக்கமான அளவு. உங்கள் மூன்று ஏக்கருக்கு 170 கிலோ, அதாவது இருபது கிலோ மூட்டையில் ஏறத்தாழ ஒன்பது. பயத்தில் பதினைந்து மூட்டை வாங்கி அள்ளி வீசுபவர்களைப் பார்த்திருக்கிறேன். பயிர் நெருக்கமாகி, காற்று புகாமல், குலை நோய்க்கு அவர்களே வாசலைத் திறந்து விடுகிறார்கள்.

மாமனார் எம்.ஆர். 219 நெல்லை விடக்கூடாது என்கிறார். எனக்கு மார்டி சிராஜ் 297ஐப் போட்டுப் பார்க்க ஆசை. யார் சொல்வது சரி, அண்ணே?

இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. மலேசிய வேளாண் ஆராய்ச்சி மேம்பாட்டுக் கழகமான மார்டி 2001இல் வெளியிட்ட 219, நேரடி விதைப்பை மனத்தில் வைத்தே உருவாக்கப்பட்ட ரகம். மணி கனமானது, தாள் விறைப்பானது. அந்த நெல்லை நம்பிப் பிள்ளைகளைப் படிக்க வைத்த குடும்பங்கள் இங்கே இருக்கின்றன, ஆகவே உங்கள் மாமனாரின் பாசம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரே ரகம் பல ஆண்டு பரந்த நிலத்தில் நின்றால், நோய்க்கிருமி அதற்கேற்ப மாறிக்கொள்ளும். இங்குள்ளவர்கள் மலாய்ச் சொல்லிலேயே ‘காரா’ என்று குறிப்பிடும் குலை நோய் 219இன் கதிர்க் கழுத்தைப் பிடிக்கும்போது, கழுத்து கறுத்து, அதற்கு மேலுள்ள மணியெல்லாம் வெள்ளைப் பதராகிவிடும். தூரத்திலிருந்து பார்ப்பவர்க்கு வயல் நன்றாக முற்றிவிட்டதுபோலத் தோன்றும். கதிரைக் கையில் எடுத்தால்தான் எடையே இல்லை என்பது தெரியும்.

297 வெளிவந்தது 2016இல். புதிய ரகம் என்பதாலேயே அதற்கு நோய் வராது என்று எண்ண வேண்டாம். அதன் எதிர்ப்புத் திறனும் காலப்போக்கில் தேயக்கூடியதே. முழு வயலையும் மாற்றாமல் ஓர் ஏக்கரில் மட்டும் போட்டு, மாமனாரின் 219க்கு இடும் அதே உரத்தை இட்டு, இரண்டு பருவம் எடை போட்டுப் பாருங்கள். யூரியாவைக் கூட்டிக் கொடுத்துவிட்டு ரகத்தைக் குறை சொல்வதில் பொருளில்லை.

என் வயலில் காற்றுநெல் மண்டிவிட்டது. கிளியர்ஃபீல்டு விதை போட்டால் ஒழியுமா?

மலாய்க்காரர்கள் பாடி ஆங்கின் என்று சொல்லும் இந்தக் களைநெல்லின் தொல்லை எனக்கும் நேர்ந்தது. ஒருமுறை அவசரத்தில், சான்றுச் சீட்டில்லாத விதை மூட்டைகளை ஒரு வியாபாரியிடம் மலிவாக வாங்கினேன். அடுத்த பருவம் அறுவடைக்கு முன்னரே மணிகள் கையில் பட்டதும் உதிர்ந்தன. உதிர்ந்தவை மண்ணில் புதைந்து பருவந்தோறும் முளைத்தன. அன்று மிச்சப்படுத்திய காசைப்போல் பல மடங்கைக் களையெடுப்பில் இழந்தேன்.

நீங்கள் கேட்கும் கிளியர்ஃபீல்டு வகையைச் சேர்ந்த, 2010இல் வெளிவந்த எம்.ஆர். 220 சி.எல். 1, சி.எல். 2 ஆகிய இரண்டும், இமிடசோலினோன் வகைக் களைக்கொல்லியைத் தாங்கும் ரகங்கள். மருந்து அடித்தால் களைநெல் சாகும், பயிர் நிற்கும். ஆனால் களைநெல்லும் நெல்லினமே என்பதால், தப்பிப் பிழைத்த சில செடிகள் பயிரோடு மகரந்தம் கலந்து அதே தாங்கும் திறனைப் பெற்றுவிடுகின்றன. இப்படி மருந்துக்கு அஞ்சாத களைநெல் நம் நாட்டு வயல்களிலேயே உருவாகிவிட்டது. ஆகவே இந்த விதையைத் தொடர்ந்து இரண்டு பருவத்துக்கு மேல் போடாதீர்கள். அந்த அறுவடையிலிருந்து விதை எடுக்கவே கூடாது. இடைப்பட்ட காலத்தில் உழுது, தண்ணீர் விட்டு, களைநெல்லை முளைக்க வைத்து, மறுபடி உழுது அழியுங்கள்.

சொந்த நெல்லையே விதைக்கு வைத்துக்கொள்ளலாமா?

சான்று விதை கிடைக்கும்வரை அதையே வாங்குங்கள். கிடைக்காத பருவத்தில் சொந்த விதையைத்தான் நம்ப வேண்டியிருந்தால், முதலில் ஒரு கைப்பிடி நெல்லை உமி நீக்கி வெள்ளைத் தட்டில் பரப்புங்கள். இடையில் சிவந்த மணி தெரிந்தால் அது பெரும்பாலும் களைநெல். அந்தக் குவியலைச் சமையலுக்கு விட்டுவிடுங்கள். சில களைநெல்லின் அரிசியும் வெளுத்தே இருக்கும் என்பதால், வயலில் நிற்கும்போதே உயர்ந்து நிற்கும் செடியையும் மீசை வைத்த கதிரையும் பிடுங்கிவிடுவது இன்னும் நல்லது.

அடுத்து, வாளித் தண்ணீரில் உப்பைக் கரைத்து, ஒரு பச்சை முட்டையை விடுங்கள். முட்டை மேலே வந்து, அதன் தலை இருபது காசு அளவுக்கு வெளியே தெரியும்வரை உப்பைச் சேர்த்து, பிறகு முட்டையை எடுத்துவிட்டு நெல்லைக் கொட்டுங்கள். மிதப்பதைக் களைந்து, மூழ்கியதை உப்புப் போக மூன்று முறை அலசுங்கள். அதிலிருந்து நூறு மணியை ஈரத்துணியில் சுற்றி வைத்து ஐந்தாம் நாள் எண்ணினால், குறைந்தது எண்பது முளைத்திருக்க வேண்டும். புதிதாக அறுத்த நெல் உறக்கத்தில் இருக்கும் என்பதால், அறுத்த சில நாளிலேயே இந்தச் சோதனையைச் செய்துவிட்டு விதை செத்துவிட்டது என்று பதற வேண்டாம். ஒரு மாதம் கழித்து மீண்டும் பாருங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வரும் சித்தப்பாவிடம் பொன்னியும் மாப்பிள்ளைச் சம்பாவும் விதையாகக் கொண்டுவரச் சொல்லலாமா?

வேண்டாம், தம்பி. 1976ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் சட்டம் இருக்கிறது. அனுமதியின்றி விதையைப் பெட்டியில் கொண்டுவருவது குற்றம். அதைத் தாண்டி வந்தாலும் மாப்பிள்ளைச் சம்பா ஐந்து மாதத்துக்கு மேல் நிற்கும் உயரமான பயிர். நம் மதகுக் கணக்கிலும் அடங்காது, சாய்ந்துவிட்டால் அறுவடை இயந்திரத்துக்கும் சிக்காது.

பொன்னியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்தியாவின் கட்டாக்கில் நடந்த நெல் கலப்பினத் திட்டத்தில், தைவானின் தைச்சுங் 65ஐயும் மலாயாவின் மாயாங் எபோஸ் 80ஐயும் சேர்த்த வழியில் வந்தது மசூரி. 1965இல் மலேசியாவில் வெளியிடப்பட்டது. லங்காவித் தீவின் பழங்கதை நாயகி மசூரிக்கும் இதே பெயர்தான். அதே மசூரி இந்தியாவுக்குப் போய்த் தமிழ்நாட்டில் பொன்னியானது. நாம் கடையில் விலை கொடுத்து வாங்கும் பொன்னி அரிசிக்கு இந்த மண்ணிலும் வேர் உண்டு. சாப்பிடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இளஞ்செம்பனைக்கு இடையில் இனிப்புச் சோளம் போட விரும்புகிறேன். போன முறை சேமித்த விதை சரியாக வரவில்லை. ஏன்?

நீங்கள் வாங்கியது கலப்பின விதை, அம்மா. அதன் பிள்ளைகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் வாங்க வேண்டும். பக்கத்தில் யாரேனும் தீவனச் சோளம் போட்டிருந்தால், அதன் மகரந்தம் விழுந்த மணி அந்தப் பருவத்திலேயே இனிப்பை இழந்து மாவாகிவிடும். இருநூறு மீட்டர் தள்ளிப் போடுங்கள், அல்லது மூன்று வாரம் தள்ளி விதையுங்கள். ஒரே நீள வரிசையாக நடாமல் நான்கு வரிசைக் கட்டமாக நட்டால் கதிர் நுனிவரை மணி பிடிக்கும். 2019 முதல் படைப்புழு இங்கும் வந்துவிட்டதால், குருத்துக்குள் மரத்தூள்போல் எச்சம் தெரிகிறதா என்று காலையில் விரித்துப் பாருங்கள்.

ஆடிக் கூழுக்குக் கேழ்வரகு வீட்டுப் பின்புறத்தில் வருமா?

வரும். கதிர் முற்றும் நேரத்தில் மழை பிடித்தால் பூஞ்சாணம் ஏறிவிடும் என்பதால், மழை குறையும் மாதத்தில் முற்றுமாறு கணக்கிட்டு விதையுங்கள். குருவிக்கு வலை கட்டாயம். கதிரெல்லாம் ஒரே நாளில் பழுக்காது. பழுப்பேறியதை முதலில் கிள்ளி எடுத்து, மீதியை ஒரு வாரம் கழித்து எடுங்கள்.