வலி இல்லை, பரிசோதனை எதற்கு?

கேள்வி: அண்ணனுக்கு 48 வயதில் பெருங்குடல் புற்றுநோய் கண்டறியப்பட்டது. எனக்கு 39. வலியோ இரத்தப்போக்கோ இல்லை. நானும் பரிசோதிக்க வேண்டுமா?
– வாசகர், நிலாவெளி

பதில்: கட்டாயம், தம்பி. உடன்பிறந்தவருக்கு இந்நோய் வந்திருந்தால் 40 வயதில், அல்லது அவருக்குக் கண்டறிந்த வயதுக்குப் பத்து ஆண்டுகள் முன்னதாக, எது முந்தியதோ அப்போது கொலனோஸ்கோபி (கமரா பொருத்திய மெல்லிய குழாயை ஆசனவாய் வழியே செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை) செய்யச் சொல்கிறார்கள். உங்கள் கணக்கில் அது 38. ஒரு வருடம் தாண்டிவிட்டது.

எனக்கு இரத்தம் போனது. மூலம் என்று நானே முடிவுகட்டி, எட்டு மாதம் வெந்தயமும் மோருமாகக் குடித்தேன். பெரிய வைத்தியர் பாருங்கள்! உப்புவெளிக் கடற்கரையில் நடக்கும்போது மூச்சு வாங்கிய பிறகே மருத்துவமனைக்குப் போனேன். இரத்தச்சோகை; காரணம் இதே பெருங்குடல் புற்று. பிறகு சத்திரசிகிச்சை, ஆறு மாதம் மருந்தேற்றல். ஏழு வருடமாகிறது, அதே மணலில்தான் இன்றும் காலையில் நடக்கிறேன்.

சோதனையில் வலி தெரியாமலிருக்க மருந்து தருவார்கள். தொல்லை முதல்நாள் இரவுதான்: பேதி மருந்தைக் குடித்துவிட்டுக் கட்டிலுக்கும் மலசலகூடத்துக்கும் நடை. குடலின் உட்சுவரில் சதைமுளை (சிறு சதை வளர்ச்சி) தென்பட்டால் பெரும்பாலும் அப்போதே அகற்றிவிடுவார்கள். அது புற்றாக மாறப் பொதுவாகப் பல ஆண்டுகள் எடுக்கும். போகும்போது அண்ணனின் மருத்துவ அறிக்கைப் பிரதியையும் கொண்டுபோங்கள்.