கடல் இல்லாத ஊர்லேர்ந்து ஒரு கரையைப் பாத்துக்கறது

அண்ணே வணக்கம். நாங்க திருநகர்ல ஒரு ஆறு பேரு, ஞாயித்துக்கிழமையானா கண்மாய் கண்மாயா பறவை பாக்கப் போற செட்டு. போன வருசம் கன்னியாகுமரி மாவட்டத்துல முட்டம் போயிருந்தோம். அந்தப் பாறைக்கரையப் பாத்து அசந்துட்டோம்ணே, ஆனா பாறை இடுக்கு பூரா அறுந்த வலையும் பிளாஸ்டிக்குமா கெடந்துச்சு. மாசம் ஒரு தடவை வேன் புடிச்சுப் போயி அந்தக் கரையக் கண்காணிச்சு எழுதி வைக்கலாம்னு யோசனை. வீட்ல "கடலே இல்லாத ஊர்க்காரனுக்கு இது எதுக்கு"ங்கறாங்க. எங்கள்ல யாரும் உயிரியல் படிக்கல, ஒருத்தர் லேத் பட்டறை, ஒருத்தர் போஸ்ட் ஆபீஸ். மாசம் ஒருக்கா போறதுல பிரயோஜனம் இருக்கா? நாங்க எழுதறத யாராவது மதிப்பாங்களா? எதை எழுதணும்?
வாசகர், திருநகர், மதுரை

தம்பி,

பிரயோஜனம் இருக்கு, நிறையவே இருக்கு. மாசம் ஒருக்காங்கறது கொறைச்சலே இல்ல. அமெரிக்காவோட மேற்குக் கரையில வாஷிங்டன் பல்கலைக்கழகம் 'கோஸ்ட்'னு ஒரு தன்னார்வலர் திட்டத்தை 1990களோட கடைசிலேர்ந்து நடத்துது, அந்த ஆளுங்க போறதும் மாசம் ஒருக்காதான். பட்டம் கேக்கறதில்ல, ஒரு நாள் பயிற்சி குடுத்து அனுப்பிடறாங்க. ஆளுக்கொரு கரை, எப்பவும் அதே கரை. செத்து ஒதுங்கின பறவை கெடந்தா அலகு, ரெக்கை, காலு மூணையும் அளந்து, ஸ்லேட்ல எழுதி பக்கத்துல வச்சு போட்டோ எடுத்து, கலர் கேபிள் டை ஒண்ணை மாட்டிட்டு அதே எடத்துல விட்டுட்டு வந்துருவாங்க. அடுத்த மாசம் டையோட கெடந்தா பழசு, இல்லாட்டி புதுசு, ஒரே பறவைய ரெண்டு தடவை எண்ணிர முடியாது. ஒண்ணுமே கெடக்கலன்னாலும் 'ஒண்ணும் இல்ல'ன்னு எழுதி அனுப்பியாகணும்.

அந்த 'ஒண்ணும் இல்ல'தான் தம்பி எல்லாத்துலயும் பெரிய விஷயம். 2015 கோடையிலேர்ந்து 2016 வரைக்கும் கலிபோர்னியாவுலேர்ந்து அலாஸ்கா வரை காமன் மர்ங்கற கடல்பறவை ஏறக்குறைய 62,000 செத்தும் சாகக் கெடந்தும் கரை ஒதுங்குச்சு. கடல் வழக்கத்தை விட ரொம்ப சூடாகி, அதுங்களுக்குத் தீனியான மீன் கொறைஞ்சு, பட்டினியில செத்துச்சுங்க. அலாஸ்காவுல மட்டும் சுமார் 40 லட்சம், அங்க இருந்ததுல பாதி, போயிருச்சுன்னு 2024ல ஒரு ஆய்வு வந்துச்சு. சாதாரண வருசத்துல அந்தக் கரைகள்ல எத்தனை ஒதுங்கும்னு பல வருசமா யாரோ மழையிலயும் குளிர்லயும் நடந்து எழுதி வச்சிருந்ததாலதான் இது எவ்வளவு பெருசுன்னு ஒப்பிட்டுச் சொல்ல முடிஞ்சுச்சு.

நம்ம பக்கத்துக்கு வாங்க. 2025 மே 25 அன்னைக்கு எம்எஸ்சி எல்சா 3ன்னு ஒரு கண்டெய்னர் கப்பல் கொச்சிக்கு அப்பால முழுகுச்சு, ஞாபகம் இருக்கும். கொஞ்ச நாள்லயே வெள்ளை வெள்ளையா பிளாஸ்டிக் குருணை கன்னியாகுமரி மாவட்டக் கரை வரைக்கும் வந்து சேந்துச்சு. சனங்க வந்து அள்ளுனாங்க, நல்ல காரியம், ஆனா அதுக்கு முந்தின மாசம் அந்த எடம் எப்படி இருந்துச்சு, சிப்பி எவ்வளவு இருந்துச்சு, மணல்ல என்ன கெடந்துச்சுன்னு எழுதி வச்ச நோட்டு இருந்தாத்தானே நஷ்டம் எவ்வளவுன்னு அடிச்சுக் கேக்க முடியும். அந்த நோட்ட நீங்க எழுதணும்னுதான் நான் ஆசைப்படறேன்.

எப்படின்னா, முட்டம், கடியப்பட்டணம்னு மொத்தத்தையும் பாக்கணும்னு கிளம்பாதீங்க, அரை கிலோமீட்டர் போதும், ஆனா எப்பவும் அதே அரை கிலோமீட்டர், அதே ஆரம்பம், அதே முடிவு. ஹார்டுவேர் கடையில அரை இஞ்ச் பிவிசி பைப்பு நாலு துண்டும் நாலு எல்போவும் வாங்கி அரை மீட்டருக்கு அரை மீட்டர் ஒரு சட்டம் பண்ணுங்க, லேத் பட்டறைக்காரர் இருக்காரே, அவருக்கு அஞ்சு நிமிச வேலை. அந்தச் சட்டத்தை பாறை மேல வச்சு உள்ள இருக்கற சிப்பி எத்தனை, பாறையில ஒட்டிக்கிட்டிருக்கற கொட்டலசு எத்தனை, பாசி எவ்வளவு எடத்தை மூடியிருக்குன்னு எண்ணி, நேர் மேலேர்ந்து ஒரு போட்டோ. எந்தப் பாறைன்னு ஜிபிஎஸ்ல குறிச்சுக்குங்க, பெயிண்ட் அடிக்க வேணாம். நம்ம கரையில ஏத்தவத்தம் ஏறக்குறைய ஒரு மீட்டருக்குள்ளதான், அதனால அமாவாசை பௌர்ணமிய ஒட்டி வத்தம் நல்லா எறங்கற நேரமாப் பாத்துப் போனாத்தான் கீழ் பாறை தெரியும். குப்பைய முதல்ல எண்ணுங்க, அப்புறம் பொறுக்குங்க. பொறுக்கிட்டு எண்ணுனா எந்தப் பாறையில எது கெடந்துச்சுன்னே தெரியாமப் போயிரும். ஆமை, டால்பின் ஒதுங்கியிருந்தா தொடாம போட்டோ எடுத்துட்டு வனத்துறைக்குப் போன் போடுங்க.

இன்னொண்ணு, அங்க இருக்கற மீனவங்கள விட்டுட்டு இத செய்யாதீங்க. எண்ணூர், பழவேற்காடு பக்கம் காக்கா ஆழின்னு ஒரு வெளிநாட்டுச் சிப்பி பரவி எறாலும் மட்டியும் அழியுதுன்னு கத்துனது அந்தச் சனங்கதான், தெனம் தண்ணியில கெடக்கறவங்க கண்ணுக்கு நம்ம கண்ணு ஈடாகாது. சிப்பி எடுக்க முங்கறவர் ஒருத்தரையாவது கூட சேத்துக்குங்க, அவர் சொல்றத அவர் வார்த்தையிலயே எழுதுங்க. ஒரு மாசம் உங்களால போக முடியாட்டி அவரே எண்ணட்டும்.

இப்ப நான் ரொம்பக் கவலைப்படறதச் சொல்றேன். கள்ளக்கடல்னு கேள்விப்பட்டிருப்பீங்க. எங்கயோ தெற்கு இந்தியப் பெருங்கடல்ல அடிக்கற புயல்ல கெளம்பற அலை நாள் கணக்குல பயணம் பண்ணி நம்ம கரைக்கு வரும். இங்க காத்தும் இருக்காது மழையும் இருக்காது, வானம் பளிச்சுன்னு இருக்கும், திடீர்னு கடல் ஏறும். 2024 மே 6ஆம் தேதி கணபதிபுரம் லெமூர் பீச்சுல அஞ்சு மருத்துவ மாணவங்க உயிர் போனது அப்படித்தான். உங்க முட்டத்துக்குப் பக்கம்தான் அந்த எடம். ஹைதராபாத்துல இருக்கற, கடல் நிலவரம் கணிக்கற இன்காய்ஸ் நிறுவனம் முன்கூட்டியே எச்சரிக்கை போடுது, மொத நாள் ராத்திரி அத ஒருத்தர் பாத்தே ஆகணும், எச்சரிக்கை இருந்தா வேன கேன்சல் பண்ணுங்க, அட்வான்ஸ் போனாப் போகுது. எண்ணறவர் குனிஞ்சிருக்கறப்ப இன்னொருத்தர் கடல மட்டுமே பாத்துக்கிட்டு நிக்கணும், செல்போன் பாக்கக்கூடாது.

வீட்ல கேட்டதுக்கு ஒரு பதில். வைகை மதுரையத் தாண்டிப் போயி கடைசியில ராமநாதபுரம் ஆத்தங்கரையில கடல்லதான் சேருது. வெள்ளம் வர்ற வருசம் நம்ம ஊர்ல ஆத்துக்குள்ள போடற கவர் அங்கதான் போகும். கடல் நமக்கும் சொந்தம்தான்னு சொல்லுங்க.

ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காத்துல அந்தப் பாறையில எறங்கவே வேணாம். அந்த மாசங்கள்ல மேட்லேர்ந்து ஒரே எடத்துல நின்னு போட்டோ மட்டும் எடுங்க, நோட்ல 'எறங்கல, அலை அதிகம்'னு எழுதுங்க, தேதிய விடாதீங்க. மொத மாச ஷீட்ட எனக்கு மெயில்ல அனுப்புங்க தம்பி, ஷீட்ல கட்டம் எதாவது கூட்டணுமா கொறைக்கணுமான்னு உக்காந்து பாத்துச் சொல்றேன்.